காந்தத்தில் ஒட்டிய தூள்

"அண்ணை, இது நஞ்சோ?"

அந்தப் பொடியன் இப்படிக் கேட்டபோது நான் கையில் இருந்த பிளேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இரும்புத் தூள்தானே தம்பி, ஒண்டும் செய்யாது" என்றேன். அவன் நம்பினான். கிரைண்டர் மேசையில் படிந்திருந்த சாம்பல் நிறத் தூளைக் குனிந்து வாயால் ஊதித் தள்ளிவிட்டு அடுத்த பிளேட்டை எடுத்துத் தந்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை தொழில் பழகட்டும் என்று தாய் கொண்டுவந்து விட்ட பிள்ளை. 2021 ஆம் ஆண்டு அது. முகக்கவசம் இல்லாமல் வீதியில் இறங்கினால் பொலிஸ் மறித்த காலம். நாங்கள் எல்லோரும் கவசத்தோடு வருவோம், பட்டறைக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றி வாசலில் இருக்கிற ஆணியில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவோம். அந்த ஆணியில் தொங்கிய நாலு முகக்கவசங்களும் அந்தப் பொடியனின் கேள்வியும் எனக்கு எப்போதும் சேர்ந்தேதான் ஞாபகம் வருகின்றன.

எங்கள் பட்டறை யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் பக்கம். அம்மாவின் தம்பி, என் மாமா, தொடங்கியது. கொஞ்சம் கடைச்சல் வேலை, மிச்சம் முழுக்கக் கூர் தீட்டுகிற வேலை. தச்சுப் பட்டறைகளிலும் மரக்காலைகளிலும் இருந்து வட்டவாள் பிளேட்டுகள், சீவுகிற இயந்திரத்தின் கத்திகள், லேத் ஆட்கள் இரும்பு கடையப் பாவிக்கிற ரூல் பிட்டுகள் வரும். இங்கே பனை அறுக்கிறவர்களின் பிளேட் ஒன்றைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். பனையின் வைரம் வெளிப்பக்கத்தில் கறுப்பு நாராக ஓடும், கூரைச் சிலாகை அறுக்கும்போது பல்லை அது தின்றுவிடும். சாதாரண உருக்குப் பல் அரை நாள்கூடத் தாங்காது. அதனால்தான் காபைட் என்ற மிகக் கடினமான பொருளில் பல் வைத்த பிளேட்டுகள் இங்கே இவ்வளவு வேகமாகப் பரவின. 1920களில் ஜெர்மனியில் இந்தக் காபைட்டை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அதற்கு 'வைரம் போல' என்ற பொருள் வரத்தான் 'விடியா' என்று பெயர் வைத்தார்கள். மர வைரத்தை அறுக்க அந்த வைரம் வந்து சேர்ந்தது.

மாமா தொழில் பழகிய காலம் வேறு. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மின்சாரம் கிடையாது, எரிபொருள் கிடையாது. சைக்கிள் சட்டத்தில் சாணைக்கல்லைப் பூட்டி ஒருவர் மிதிக்க மற்றவர் தீட்டியிருக்கிறார்கள். வாள் பல்லுக்கு முக்கோண அரம்தான். பல்லாகப் பார்த்து, ஒன்று விட்டு ஒன்று, அரத்தைத் தள்ளித் தள்ளித் தீட்டுவார். கீழே கொட்டுவது நல்ல கனமான இரும்பு அரப்பொடி. கொட்டிய இடத்திலேயே கிடக்கும், கூட்டி அள்ளிவிடலாம். "இரும்புத் தூள்தானே" என்ற பேச்சு அந்தக் காலத்தில் பிறந்தது. அன்று அது உண்மை. பிறகு தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் வருகிற ஏ-9 வீதி திறந்தது, மூடியது, போர் முடிந்த பின் மறுபடி திறந்தது. வீடுகள் கட்டத் தொடங்கினார்கள், தச்சுப் பட்டறைகள் பெருகின, கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாகக் காபைட் பிளேட்டுகள் வந்து இறங்கின. அரம் போய் மோட்டார் கிரைண்டர் வந்தது. பழைய கல் போய்க் காபைட் தீட்டுகிற பச்சைக் கல் வந்தது. எல்லாம் மாறிய பிறகும் அந்த ஒரு பேச்சு மட்டும் மாறாமல் பட்டறையிலேயே தங்கிவிட்டது. அதைத்தான் நான் மாமாவிடம் வாங்கி அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன்.

காந்தச் சோதனை

பொடியன் கேட்ட அன்று மாமாவும் பக்கத்தில் இருந்தார். என் பதிலுக்கு அத்தாட்சியாக அவர் ஒன்று செய்து காட்டினார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று எங்களிடம் உண்டு. அதைக் கடதாசியில் சுற்றி மேசைத் தூளின் மேல் கொண்டுபோனார். தூள் எழும்பிக் கடதாசியில் தாடி மாதிரி ஒட்டியது. "பார் தம்பி, காந்தத்திலை ஒட்டுது. இரும்பு இல்லாமல் வேறை என்ன?" எனக்கும் அது சரியான அத்தாட்சியாகத்தான் பட்டது.

சாதாரண அறை வெப்பநிலையில் காந்தம் பலமாக இழுக்கும் தனிமங்கள் மூன்று: இரும்பு, நிக்கல், கோபால்ட். காபைட் பல் என்பது தங்ஸ்தன் காபைட் மணிகளைக் கோபால்ட்டால் ஒட்டிப் பிடித்த ஒரு கட்டி. அரிசிமாவைப் பனங்கட்டிப் பாகு பிடித்து வைத்திருக்கிறதே, அப்படி. எடைக்கு நூற்றில் 6 முதல் 10 பங்கு வரை கோபால்ட் இருப்பது சாதாரணம், வகையைப் பொறுத்து இன்னும் குறையும் கூடும். அந்தக் கோபால்ட்டால்தான் காபைட் தூளும் காந்தத்தில் ஒட்டுகிறது. மாமா எதை இரும்புக்கு அடையாளம் என்று காட்டினாரோ, அது ஆபத்தான பொருளுக்கும் அடையாளமாக இருந்திருக்கிறது. இது தெரிந்த நாளில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்தில் 'கோபாற்று குளோரைட்டுத் தாள்' என்று ஒன்று பயன்படுத்துவோமே, நீலத் தாள் நீர் பட்டதும் இளஞ்சிவப்பாகுமே, அதே கோபால்ட்தான். ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் தங்களை நோயாளியாக்கிய ஒரு கனிமத்துக்கு, சுரங்கத்துக்குள் தொல்லை கொடுக்கும் பேயின் பெயரை வைத்தார்கள். எங்கள் ஊரில் புளியமரத்தடியில் முனி அடித்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான். கோபால்ட் என்ற பெயர் அந்தப் பேயிலிருந்து வந்தது. (அந்தக் கனிமத்தில் ஆர்செனிக்கும் கலந்திருந்தது, பாதிப் பழி அதற்குரியது.)

காபைட் செய்யும், தீட்டும் தொழிலாளர்களின் நெஞ்சுப் படங்களில் வித்தியாசம் இருப்பதை ஜெர்மனியில் 1940 இலேயே எழுதியிருக்கிறார்கள். இன்று அதற்குக் கடின உலோக நுரையீரல் நோய் என்று பெயர். வரட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, உடம்பு மெலிவது, நாள் போக நுரையீரல் தழும்பேறி இறுகிப் போவது. இன்னொரு விதமும் உண்டு: கோபால்ட்டால் வருகிற ஆஸ்துமா. அது வேலை நாட்களில் நெஞ்சை இறுக்கும், நாலு நாள் லீவில் நின்றால் இளகும், திரும்பி வந்தால் மறுபடி இறுக்கும். கோபால்ட்டும் தங்ஸ்தன் காபைட்டும் சேர்ந்த தூசை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புப் பெரிது என்ற பிரிவில் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2006 இல் வைத்தது. தனி இரும்புத் தூளைச் சுவாசிப்பதும் நல்லதல்ல, ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இதில் என்னை அதிகம் கலக்கியது வேறொன்று. இந்த நோய் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. முப்பது வருடம் தீட்டியவர் நன்றாக இருப்பார், இரண்டு மூன்று வருடம் தீட்டியவர் விழுந்துவிடுவார். சிலருடைய உடம்பு கோபால்ட்டுக்கு அப்படிப் பதில் சொல்கிறது. ஆகவே "நான் இவ்வளவு காலம் செய்யிறன், எனக்கு என்ன நடந்தது?" என்று மாமா கேட்பது அவரைப் பற்றி மட்டும்தான் ஏதாவது சொல்லும். பக்கத்தில் நிற்கிற 16 வயதுப் பிள்ளையின் நெஞ்சைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது.

ரோச் வெளிச்சம்

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது ஓர் இரவுக்குப் பிறகுதான். 2022 மார்ச் கடைசி. நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் வேலை. அன்று இரவு எட்டு மணிக்கு மேல் வந்தது. ஒரு மரக்காலையின் பிளேட்டுகள் காலையில் கொடுக்க வேண்டியவை. பொடியன் வீட்டுக்குப் போய்விட்டான், மாமாவும் நானும்தான். ஒன்பதே முக்கால் போலக் கடைசிப் பிளேட்டை முடித்து மோட்டாரை நிறுத்தினேன். மாமா கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். நான் பிளேட்டைக் கழற்றும்போது அலன் கீ கை தவறி மேசைக்குக் கீழே விழுந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போய்விட்டது.

ரோச்சைத் தேடி எடுக்கப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். அதைக் கிரைண்டர் மேசையின் மறு கரையில், என் பக்கம் பார்த்தபடி வைத்துவிட்டு, நான் இந்தப் பக்கம் குனிந்தேன். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வெளிச்சக் கற்றைக்குள் காற்று முழுவதும் தூளாக இருந்தது. புகை மாதிரி இல்லை, புகை சுருண்டு போகும். இது அசையாமல் நின்றது, கிட்டப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் மினுங்கியது. நான் மூச்சு விட்டேன், என் மூச்சுக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போனது தெரிந்தது. மூச்சை இழுத்தேன், அது என் முகத்தை நோக்கி வந்தது. உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தேன். கல் நின்று பத்து நிமிடம் கழிந்த பிறகு.

மாமா ஈரக் கையோடு வந்தார். "மாமா, இஞ்சை வாங்கோ, இதிலை குனிஞ்சு பாருங்கோ" என்றேன். குனிந்து பார்த்தார். கையை நீட்டி அந்தக் கற்றைக்குள் விட்டு அளைந்தார், ஒரு பிள்ளை தண்ணீரில் அளைவதைப் போல. தூள் விரல்களுக்கு இடையால் சுழன்றது. "இது எப்பவும் இப்பிடித்தான் நிக்கிறதோ?" என்று கேட்டார். எப்போதும் இப்படித்தான் நின்றிருக்கும், பகல் வெளிச்சத்தில் எங்களுக்குத் தெரியவில்லை. அவர் அதன்பிறகு ஒன்றும் பேசாமல் போய் வாசல் கதவை அகலத் திறந்தார்.

தூசைப் பார்ப்பதற்கு இது ஒரு முறையான வழி என்று பிறகு அறிந்தேன். தொழிற்சாலைகளைச் சோதிக்கிறவர்கள் பலமான விளக்கு ஒன்றை எதிர்ப்பக்கம் வைத்து, நேர் வெளிச்சம் கண்ணில் படாதபடி மறைத்துக்கொண்டு, விளக்கை நோக்கிப் பார்ப்பார்கள். சிறு துணிக்கைகள் வெளிச்சத்தை முன்பக்கமாகச் சிதறடிப்பதால் அப்போதுதான் தெரியும். விளக்கு உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் பட்டறையிலும் இருட்டிய பிறகு ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். நான் எழுதுவதை நம்பவே வேண்டாம், ரோச்சை வைத்துப் பாருங்கள்.

ஏன் அது விழாமல் நிற்கிறது? காபைட் உருக்கை விட ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தி, கையில் எடுத்தால் ஈயம் மாதிரிக் கனக்கும். அப்படியிருந்தும் 1 மைக்ரோன் அளவுள்ள துணிக்கை ஒன்று முகத்து உயரத்திலிருந்து தரைக்கு வர, அசையாத காற்றில், ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம் எடுக்கும். தலைமயிரின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரோன். கண்ணுக்குத் தெரிந்து மேசையில் விழுகிற தூள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். மிதக்கிறதுதான் நுரையீரலின் அடிவரை போகும். இன்னொன்று, உருக்கைத் தீட்டும்போது பொறி நீளமாகப் பறக்கும், அதைப் பார்த்துக் கண்ணாடி போடுவோம், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்வோம். காபைட்டைத் தீட்டும்போது கல்லோடு ஒட்டினாற்போல் மங்கலாகச் சின்னப் பொறி வந்து நின்றுவிடும். பார்த்தால் சாதுவான வேலை. அதனால் முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோவோம்.

நகைக்கடைத் தராசு

எவ்வளவு தூள் போகிறது என்று எனக்கு அறிய வேண்டியிருந்தது. கஸ்தூரியார் வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் ஒருவனிடம் ஒரு 10 அங்குல, 60 பல் பிளேட்டைக் கொண்டுபோனேன். நன்றாகக் கழுவித் துடைத்து அவன் தராசில் நிறுத்தோம். பட்டறைக்கு வந்து தீட்டி, மறுபடி கழுவித் துடைத்துக் கொண்டுபோய் நிறுத்தோம். 2.1 கிராம் குறைந்திருந்தது. கோபால்ட் நூற்றில் 6 என்று வைத்தாலும் ஒரு பிளேட்டில் 126 மில்லிகிராம். அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்கள் இப்படிப்பட்ட காபைட் தூசுக்குப் பரிந்துரைக்கிற எல்லை ஒரு கன மீற்றர் காற்றுக்கு 0.005 மில்லிகிராம் கோபால்ட், எட்டு மணித்தியாலச் சராசரிக்கு. எங்கள் பட்டறை 20 அடிக்கு 15 அடி, கூரை 10 அடி: சுமார் 85 கன மீற்றர். பெருக்கிப் பார்த்தால் முழுப் பட்டறைக் காற்றிலும் சுமார் 0.43 மில்லிகிராம்தான் மிதக்கலாம். ஓர் அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம், அதில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு பிளேட்டின் கோபால்ட்டில் நூற்றுக்கு அரைப் பங்கு மட்டும் காற்றில் நின்றாலே அந்த அளவைத் தாண்டிவிடும். நாங்கள் சில நாட்களில் 15 பிளேட் தீட்டுவோம்.

கணக்கை நண்பனுக்குச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே தன் வேலையைச் செய்தான். அவனுடைய மேசையின் விளிம்பில் அரைவட்டமாக வெட்டு, அதன் கீழே தோல் ஒன்று மடிபோலத் தொங்குகிறது. அரத்தால் ராவுகிற ஒவ்வொரு துணுக்கும் அதற்குள் விழும். நாள் முடிவில் தூரிகையால் கூட்டி எடுப்பான். தரையைக் கூட்டிய குப்பை, கை கழுவிய தண்ணீரின் மண்டி எல்லாவற்றையும் சேர்த்து வைத்து எரித்துக் கழுவி அதிலிருந்து தங்கம் எடுப்பார்கள். "மச்சான், உங்கடை தூளும் தங்கமெண்டால் நீ இப்பிடி ஊதித் தள்ளுவியே?" என்று கேட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்தத் தோல் மடிதான் கண்ணுக்குள் நின்றது. தூள் பிறக்கிற இடத்திலேயே பிடிக்கிறார்கள். அறை முழுக்கப் பரவ விட்டுப் பிறகு தேடுவதில்லை.

நாங்கள் செய்துகொண்டிருந்தது நேர் எதிர். புழுக்கம் தாங்காமல் ஸ்டாண்ட் மின்விசிறியைப் பக்கத்தில் வைத்திருந்தோம். அது கல்லில் பிறந்த தூளை அள்ளிப் பட்டறை முழுவதும் பரத்தியது. வேலை முடிந்ததும் கொம்பிரசர் காற்றால் மேசையை ஊதினோம். அது விழுந்து கிடந்ததையும் எழுப்பியது. பின்னேரம் பிளேன்ரீயும் பனங்கட்டியும் வரும். பனங்கட்டித் துண்டைச் சாம்பல் பிடித்த விரலால் எடுத்துக் கடிப்போம். சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு அதே சாரத்தோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை மடியில் தூக்குவோம்.

மெழுகுதிரியும் தகரக் கூடும்

முதலில் மாஸ்க் வாங்கினேன். என்-95. நல்ல பொருள்தான், ஆனால் முகத்தோடு சீல் பிடித்தால் மட்டும்தான். மாமாவுக்குத் தாடி, ஓரத்தால் எல்லாம் உள்ளே போகும். எங்கள் ஊர் வெயிலில் அரை மணித்தியாலத்துக்கு மேல் போட்டு நிற்கவும் ஏலாது, இழுத்துக் கீழே விட்டுவிடுவார். மாஸ்க் கடைசிக் காவல். அதை மட்டும் நம்பி மிச்சத்தை அப்படியே விடுவது தொழில் பழக வருகிற பிள்ளைக்குச் செய்கிற துரோகம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் காற்றை உறிஞ்சி எடுக்க நினைத்தோம். சுவரில் ஒரு எக்ஸோஸ்ற் பான் பூட்டினால் போதும் என்றார் மாமா. ஏன் போதாது என்பதை அவருக்கு ஒரு மெழுகுதிரியை வைத்துக் காட்டினேன். ஒரு முழம் தள்ளி வைத்து, "ஊதி நூருங்கோ" என்றேன். நூர்த்தார். மறுபடி கொளுத்தி, "இப்ப அதே தூரத்திலை நிண்டு காத்தை உறிஞ்சி நூருங்கோ" என்றேன். உறிஞ்சினார், சுடர் அசையவேயில்லை. கிட்டப் போனார், கிட்டப் போனார், உதடு சுடுகிற தூரத்துக்கு வந்தபிறகுதான் சுடர் கொஞ்சம் சாய்ந்தது. ஊதுகிற காற்று குழாய் விட்டத்தின் 30 மடங்கு தூரம் போனபிறகுதான் பத்தில் ஒன்றாகக் குறையும். உறிஞ்சுகிற காற்று ஒரே ஒரு விட்டத்துத் தூரத்தில் பத்தில் ஒன்றாகிவிடும். 4 அங்குலக் குழாய் வாய் கல்லிலிருந்து 4 அங்குலம் தள்ளி இருந்தால் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு போச்சு. சுவரில் இருக்கிற பான் கல்லுக்கு ஒன்றும் செய்யாது. தூள் அங்கே போய்ச் சேருமுன் எங்கள் முகத்தைக் கடந்துதான் போகும்.

அந்த நேரம் ஒரு பிழையும் விட்டேன். பக்கத்துத் தச்சுப் பட்டறையில் மரத்தூள் உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்று சும்மா கிடந்தது. இரவல் வாங்கிக் குழாயைக் கிரைண்டருக்குக் கொடுத்தேன். நன்றாகத்தான் இழுத்தது. பின்னேரம் ஒரு உருக்குக் கத்தியைத் தீட்டியிருக்கிறேன், பொறி குழாய்வழியே போய்ப் பைக்குள் மிச்சமிருந்த மரத்தூளில் விழுந்திருக்கிறது. பட்டறையைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறும்போது கருகல் மணம். திறந்து பார்த்தால் பை கணகணவென்று உள்ளே புகைந்துகொண்டிருக்கிறது. வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினோம். ஐந்து நிமிடம் முந்திப் போயிருந்தால் இரண்டு பட்டறையும் சேர்ந்து போயிருக்கும். மரத்தூள் இயந்திரத்தில் எந்தக் காரணத்துக்கும் கிரைண்டரைக் கொழுவாதீர்கள்.

இப்போது இருப்பது ஒரு தகரக் கூடு. கல்லைச் சுற்றி முடிந்த அளவு மூடியது, பிளேட் போகிற வாய் மட்டும் திறந்தது. தூள் கல் சுற்றுகிற பக்கமாகத்தான் வீசப்படும், அதனால் உறிஞ்சுகிற வாயை அந்தத் திசையில் வைத்துக் கல்லுக்கு இரண்டு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்தோம். அங்கிருந்து இரும்புக் குழாய், பிறகு பொறியும் பெரிய தூளும் விழுந்து அணைய அடியில் தண்ணீர் நிற்கிற ஒரு தகரப் பீப்பா, அதற்குப் பிறகு நுண்ணிய தூளைப் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி, கடைசியில் காற்றை இழுக்கிற புளோவர். வடிகட்டிக்குப் பணம் போனது, மறைக்கவில்லை. பிறகு பச்சைக் கல்லைக் கைவிட்டு டயமண்ட் வீலுக்கு மாறினோம். பச்சைக் கல் காபைட்டைத் தின்னும்போது தானும் உதிர்ந்து தூசாகும், டயமண்டில் அந்தத் தூசு குறைவு. உருக்கை மட்டும் அதில் வைக்கக்கூடாது, வைரம் கெட்டுவிடும். ரூல் பிட்டுகளில் பல்லுக்குப் பின்னால் இருக்கிற உருக்கைச் சாதாரணக் கல்லில் முதலில் எடுத்துவிடுவோம். மேசையைத் துடைப்பது ஈரத் துணியால். கொம்பிரசர் துவக்கை மாமா தானே கழற்றி மேல்தட்டில் வைத்துவிட்டார்.

கூட்டைப் பூட்டிய அன்றிரவு விளக்கை நூர்த்துவிட்டு ரோச்சை எதிர்ப்பக்கம் வைத்தோம். முதல் தடவை ஒரு மூலையால் கசிந்தது. தூள் கோடுபோல வெளியே வருவது அப்படியே தெரிந்தது. தகரத்தை வளைத்து இன்னொரு உதடு வைத்தோம். மறுபடி பார்த்தோம். கற்றைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாதாரண வீட்டுத் தூசி மிதந்தது, அவ்வளவுதான். மாமா நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிணற்றடி

தண்ணீர் விட்டுத் தீட்டினால் தூசு எழாதே என்று பலர் கேட்கிறார்கள். எழுவது நன்றாகக் குறையும், உண்மை. ஆனால் கோபால்ட் அந்தத் தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீரைக் கூலன்ட் என்போம். ஒரே கூலன்டைச் சுற்றிச் சுற்றிப் பாவிக்கப் பாவிக்கச் செறிவு ஏறும், கல் அதைப் பனிபோலத் தெளிக்கும், அது மூச்சோடும் போகும், கையில் பட்டுச் சொறியும் வரும். சிந்தியது காய்ந்தால் மறுபடி தூசுதான். ஆகவே தண்ணீர் வைத்தாலும் மூடியும் உறிஞ்சலும் வேண்டும், கூலன்டை வடிகட்டி நேரத்துக்கு மாற்றவும் வேண்டும்.

மாற்றியதை எங்கே ஊற்றுவது? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. எங்களுக்கு வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்குகிற மழைநீர்தான் கிணறு. அந்தக் கல் வெடிப்பும் துளையுமானது, மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே இறங்கிவிடும். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் ஒயில் மிதந்த காலத்தில் போத்தல் தண்ணீருக்கும் பவுசருக்கும் காத்து நின்ற சனம் நாங்கள். அதைப் பார்த்த பிறகும் பல வருடம் கிரைண்டர் தட்டில் தேங்கிய சாம்பல் சேற்றை நானே கொண்டுபோய்க் கிணற்றடி வாழைக்கு ஊற்றியிருக்கிறேன். அந்த வாழைக் குலையைச் சாப்பிட்டும் இருக்கிறோம். இப்போது பீப்பாச் சேற்றையும் கூலன்ட் மண்டியையும் மூடி இறுக்கிய கலன்களில் சேர்த்து வைக்கிறோம். தங்ஸ்தனும் கோபால்ட்டும் விலையுள்ள உலோகங்கள், உடைந்த பல்லையும் தீட்டிய சேற்றையும் உலகத்தில் மீளெடுக்கிறார்கள். உடைந்த பல்லை எங்களிடம் பழைய இரும்புக்காரர் வாங்குகிறார். சேற்றுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மூன்று கலன் நிரம்பியிருக்கிறது.

மாமாவுக்கு ஒரு இருமல் உண்டு. காலையில் எழும்பியதும் வரும், கனகாலமாக. போன வருடம் ஒருவழியாக வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என்ன தொழில் என்று கேட்டார். "சொந்தத் தொழில்" என்றார் மாமா. வைத்தியர் அதை எழுதிக்கொண்டார். நான் குறுக்கே பேசி, காபைட் தீட்டுகிறவர், கோபால்ட் தூசு, இத்தனை வருடம் என்று சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு கேட்ட கேள்விகள் வேறு: லீவு நாளில் இருமல் குறைகிறதா, பொங்கலுக்கு நாலு நாள் நின்றபோது எப்படி இருந்தது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா. ஊதிப் பார்க்கிற சோதனைக்கு எழுதித் தந்தார். மாமாவுக்கு இனி வருடத்துக்கு ஒருமுறை அது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் வைத்தியரிடம் போனால், எதை வெட்டித் தீட்டுகிறோம் என்பதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "சொந்தத் தொழில்" என்று விட்டுவிடாதீர்கள்.

பொடியன் இப்போது எங்களிடம் இல்லை. கூடு பூட்ட முன்பே, எங்களிடம் பழகிய கைவேலையை வைத்துத் தென்பகுதியில் ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டான். போன மாதம் அவனுக்குப் போன் எடுத்தேன். சுகம் விசாரித்துவிட்டு, "தம்பி, நீ அண்டைக்கு ஒரு கேள்வி கேட்டனியெல்லே, அது நஞ்சோ எண்டு. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அது இரும்பு இல்லை" என்றேன். அவனுக்கு அந்தக் கேள்வி ஞாபகமே இல்லை. நான் விளக்கமாகச் சொல்லச் சொல்ல "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று கேட்டான். பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. அங்கே எப்படித் தீட்டுகிறீர்கள், காற்று இழுக்க ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"பான் இருக்கு அண்ணை. நல்ல பெரிசு. முகத்துக்கு நேரை வைச்சிருக்கினம், அதாலை புழுக்கம் தெரியாது."

அன்றிரவே கூட்டைக் கழற்றி, ஒவ்வொரு தகரத் துண்டையும் அடிமட்டத்தோடு வைத்துப் படம் எடுத்தேன். உறிஞ்சு வாய்க்கும் கல்லுக்கும் இடையில் இரண்டு விரலை வைத்து ஒரு படம். எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் அனுப்பி, இருட்டினாப் பிறகு ரோச்சை எப்படி வைத்துப் பார்ப்பது என்று குரல் பதிவும் போட்டேன். பார்த்துவிட்டான், நீலச் சரி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. ஞாயிறு அவனுக்கு லீவு, அன்று மறுபடி எடுக்க வேண்டும்.